அக்காவிடம் கேளுங்கள்: கல்லூரிப் பிள்ளைகளின் கடிதங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், படிக்கிற பிள்ளைகளின் மனக்கஷ்டம். செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு எழுதியவை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கமிருந்து பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அதனால் கல்யாணக் கேள்வி, சொத்துக் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு இந்தப் பக்கங்கள் முழுவதையும் இவர்களுக்கே கொடுத்துவிட்டேன். யாரையும் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முதலில். இந்த நிமிஷமே தாங்க முடியவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலையில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது. எடுத்ததும் மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கா, நான் பிளஸ் டூ வரைக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தேன். இப்போது திருச்சூர் பக்கம் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். மலையாளம் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் தமிழ் கலந்துவிடும், உடனே சிரிப்பு. தமிழ் ஆட்களைக் கேலியாகச் சொல்கிற 'பாண்டி' என்ற பெயரில்தான் கூப்பிடுகிறார்கள், விளையாட்டுக்காம். முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இப்போது ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். இரண்டு பேப்பர் சப்ளி. அப்பா கள் இறக்கும் தொழிலாளி, தினமும் அத்தனை தென்னை ஏறி என்னைப் படிக்க வைக்கிறார். எனக்கு அழ என்ன காரணம் இருக்கிறது? கவுன்சிலிங் போனால் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ பேச வேண்டும், எனக்கு இதையெல்லாம் அதில் சொல்ல வராது.
— பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா, பாலக்காடு

தங்கச்சி, அழுவதற்கு யாரிடமும் காரணம் காட்ட வேண்டியதில்லை. அப்பா மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்பது நீ எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. அப்படிப் பாசம் வைத்த பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு வரும். வீட்டுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ரொம்ப நாள் தாங்குகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், வெளியே தெரிவதற்குள் முற்றியும் போய்விடுகிறது.

விடியற்காலை முழிப்பு, பசியின்மை, அழுகை, படித்தது மண்டையில் ஏறாதது, இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று டாக்டர்கள் பார்க்க ஆரம்பிப்பார்கள். உனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. கடிதத்தை மட்டும் வைத்து உனக்கு இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, ஆனால் செமஸ்டர் முடியட்டும், ஓணம் லீவு வரட்டும் என்று நீ தள்ளிப்போடவும் கூடாது. போகிற இடத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியையும் மனத்தளர்ச்சியையும் கொண்டுவரும், அதற்கு வைத்தியம் வேறு.

எங்கே போவது என்றால், உன்னுடையது அரசுக் கல்லூரியாக இருந்தால் 'ஜீவனி' என்ற பெயரில் ஒரு மையம் இருக்கிறதா என்று கேள், கேரள கல்லூரிக் கல்வித் துறையின் திட்டம் அது, அதில் சைக்காலஜிஸ்ட் இருப்பார். கல்லூரியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று தோன்றினால் சனிக்கிழமை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களில் மனச்சோர்வைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பதற்கென்றே 'ஆஸ்வாசம்' கிளினிக் நடத்துகிறார்கள். அதுபோக மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு என்றைக்கு எங்கே வருகிறது என்று சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் விசாரித்தால் தெரியும். நம் தாலுகாவில் தமிழ் பேசுகிற நோயாளியைப் பார்க்காத டாக்டரோ நர்ஸோ இருக்க முடியாது, அங்கே உன் தமிழுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்படியும் தயக்கமாக இருந்தால் வாளையாறு தாண்டி கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ, மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் முழுக்க முழுக்கத் தமிழிலேயே பேசலாம். கேரளத்துப் பிள்ளை என்று யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. பாலக்காட்டுச் சனம் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் காலகாலமாகக் கோவைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது, மனசுக்கும் போகலாம். எல்லையில் இருப்பதால் நமக்குக் கஷ்டங்கள் உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது என்பது நமக்கு மட்டும் வாய்த்த வசதி.

பேச்சு வரவில்லை என்றால் எழுதிக் கொண்டு போ. எனக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போய் நீட்டினாலும் சரி, வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

அப்புறம் அந்த 'பாண்டி' விவகாரம். அதை விளையாட்டு என்று நானும் எடுத்துக்கொள்ள மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிகளில் 2016-ல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். ஒரு மாணவரை அவர் பேசும் மொழி, பிறந்த ஊர், வட்டாரம், பணவசதி, தோற்றம், சாதி போன்றவற்றை வைத்து மனத்தளவில் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று அதில் இருக்கிறது. முதலில் உன் டியூட்டரிடம் சொல், அவர் அசையவில்லை என்றால் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு எண் இருக்கிறது, பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். புகார் கொடுக்கிற தெம்பு இன்றைக்கு உனக்கு இல்லையென்றால் பரவாயில்லை, முதலில் தூக்கம் வரட்டும், உடம்பு தேறட்டும். அது எங்கேயும் ஓடிவிடாது.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதுதான் உன்னை அரிக்கிறது என்று நினைக்கிறேன். 'அப்பா, எனக்கு ஒரு மாசமாத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கலை, டாக்டரைப் பாக்கணும்.' இவ்வளவு போதும், இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. மனநோய், டிப்ரஷன் என்ற பேச்செல்லாம் டாக்டரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, என் ரூம்மேட் ஒரு வாரமாகச் சரியில்லை. நாலு அரியர். 'நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். அவன் உயிரா வைத்திருந்த ஹெட்போனை எனக்குக் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்றான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். சொன்னால் வார்டன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், போலீஸ் கேஸ் ஆகும் என்று பயமாக இருக்கிறது.
— கோவைக் கல்லூரி மாணவர், சொந்த ஊர் வாளையாறு

தம்பி, நீ போன் நம்பர் போட்டிருந்ததால் கடிதம் கையில் கிடைத்ததுமே உன்னிடம் பேசிவிட்டேன். உன் ரூம்மேட் இப்போது அவன் அம்மாவோடு இருக்கிறான், டாக்டரையும் பார்த்துவிட்டான். இதே நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக அன்றைக்குப் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை மீறலாம். மீறித்தான் ஆக வேண்டும். அவன் ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி, உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

நேராகக் கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல், திட்டாமல், 'டேய், செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது, அப்படி ஆவதில்லை. கேட்கும்போது, அப்பாடா, ஒருத்தனுக்காவது தெரிந்துவிட்டது என்ற ஆசுவாசம்தான் பலருக்கும் வருகிறது. ஆமாம் என்று சொன்னால் பதறாதே, அறிவுரை சொல்லாதே, அம்மா அப்பாவை நினைத்துப் பார்த்தாயா என்று குற்ற உணர்ச்சியைக் கிளப்பாதே, அவன் ஏற்கெனவே அதில்தான் முங்கிக் கிடக்கிறான். எப்போதிருந்து இப்படி இருக்கிறது, எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேள். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் அவனை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது, ஆபத்தான எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது, நீ ஒருவனே காவல் இருக்கவும் கூடாது. வார்டன், அவன் வீட்டில் விவரம் புரிந்த ஒருவர், இன்னொரு நண்பன் என்று உடனே ஆள் சேர்த்துக்கொள். 14416-க்கு நண்பனுக்காக நீயே கூப்பிட்டுக் கேட்கலாம். நிலைமை மோசம் என்றால் 108, இல்லையென்றால் ஆட்டோ பிடித்துப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

போலீஸ் கேஸ் பயம் இன்னும் ஊரில் நிறைய பேருக்கு இருக்கிறது, அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமலே விட்டவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதன் 115-வது பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கிடையாது. அதனால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

இன்னொன்று. இத்தனை நாள் நீ தனியாக இதைச் சுமந்திருக்கிறாய், நீயும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய். உனக்கும் பேச ஆள் வேண்டும், வீட்டில் யாரிடமாவது பேசு.

அம்மா, நாங்கள் நகரியில் தறி வைத்திருக்கிறோம். மகன் இன்டர் (பிளஸ் டூ) முடித்து, நீட் பரீட்சைக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுக்கிற லாங் டெர்ம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், இது இரண்டாவது தடவை. திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வரவில்லை, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று போன் பண்ணி அழுகிறான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். நடிக்கிறான், படிக்கப் பயம் என்கிறார்கள் இன்ஸ்டிடியூட்டில். என் நாத்தனார் காத்துக் கருப்பு என்கிறாள், ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும் என்கிறாள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறோம். கூட்டி வந்துவிடுவதா, வேண்டாமா?
— ஒரு தாய், நகரி

அம்மா, முதலில் கூட்டி வந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் வீட்டில் இருக்கட்டும். படிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவை இப்போது எடுக்க வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து, அப்புறம் நிதானமாக எடுக்கலாம். ஃபீஸ் பணம் பெரிய பணம்தான், தறிக்காரக் குடும்பத்துக்கு அது என்ன பணம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை யோசித்துச் சொல்கிறேன்: பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.

பிள்ளை நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக் போலத் தெரிகிறது, தமிழில் பீதித் தாக்கு என்கிறார்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், வியர்க்கும், இப்போதே உயிர் போகிறது என்று தோன்றும். சாதாரணமாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். உடம்பு ஆபத்துக்குத் தயாராகிற அதே இயக்கம் ஆபத்தே இல்லாத நேரத்தில் கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான், ஆனால் அனுபவிக்கிறவனுக்கு அது சாவு பயம். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது நல்ல செய்தி. அதோடு 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பியதுதான் போதாது, அடுத்து ஒரு மனநல டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். இது குணமாகிற தொல்லை. பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுக்கும் நன்றாகவே கேட்கும்.

மறுபடி போனில் அழுதால் 'பயப்படாதே' என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 'இது வந்துட்டுப் போயிரும் கண்ணு, நான் லைன்ல இருக்கேன்' என்று சொல்லுங்கள். மூச்சை இழுப்பதை விட விடுவதை மெதுவாக, நீளமாக விடச் சொல்லுங்கள், பாதம் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், கண்ணுக்கு எதிரே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வையுங்கள். காபியைக் குறைக்கட்டும். லாங் டெர்ம் பிள்ளைகள் முழித்துப் படிக்க வேண்டும் என்று குடிக்கிற காபிக்கும் டீக்கும் கணக்கில்லை, அது படபடப்பைக் கூட்டும்.

டாக்டருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. திருப்பதியில் ருயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலூர் போக முடியும் என்றால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, தமிழ், தெலுங்கு இரண்டும் அங்கே சகஜம்.

நாத்தனார் சொல்வதைப் பற்றி. சாமி கும்பிடுங்கள், திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், பிள்ளையையும் கூட்டிப் போங்கள், மனசுக்குத் தெம்பு கிடைத்தால் நல்லதுதானே. ஆனால் எங்கேயும் கொண்டுபோய் 'விட்டுவிட்டு' வருவதற்குச் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களும் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்பிக் கொண்டுபோய் விட்டவர்கள்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்றைக்குச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட விஷயம்.

இன்ஸ்டிடியூட்காரர்கள் நடிப்பு என்று சொன்னால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சேர்த்து 15 வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கே உங்கள் ஆந்திராவிலிருந்து போனது, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்கு வந்து ஹாஸ்டலில் இருந்த ஒரு பெண் இறந்துபோன வழக்கு. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனம் எதுவானாலும், கோச்சிங் சென்டரும் சேர்த்துத்தான், பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகரோ மனநல நிபுணரோ வைத்தாக வேண்டும். மார்க்கை வைத்து பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. ஹாஸ்டலிலும் வகுப்பிலும் டெலி மானஸ் முதலான உதவி எண்களைப் பெரிதாக எழுதிப் போட வேண்டும். சட்டம் வரும் வரைக்கும் இந்த வழிகாட்டுதல்களுக்கு நிறுவனங்கள் கட்டுப்பட்டாக வேண்டும். சண்டைக்குப் போக வேண்டாம், 'உங்கள் ஆலோசகர் யார், என் மகனை அவர் என்றைக்குப் பார்த்தார்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். பேசுகிற விதம் மாறும்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார், நான் இன்னும் வாங்கவில்லை. ஆரம்பித்தால் வாழ்க்கை முழுக்கச் சாப்பிட வேண்டுமா? கல்யாணம் பேசும்போது தெரிந்துவிடாதா?
— 21 வயது, மீனாட்சிபுரம்

வாங்கிச் சாப்பிடு தங்கச்சி. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை போதைப் பழக்கம் மாதிரி ஆளை அடிமையாக்காது. வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு மாதிரி சில தொந்தரவுகள் வந்து போகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் 'இது எனக்கு ஒத்துக்கலை' என்று விட்டுவிடுகிறார்கள், பலன் கிடைப்பதற்கு முன்னாலேயே. இன்னொரு கூட்டம் நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்திவிடுகிறது, திரும்பவும் வந்துவிடுகிறது. முதல் தடவை என்றால் நன்றான பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடரச் சொல்வது வழக்கம், அப்புறம் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். உன் வயதில் ஆரம்பிப்பவர்களை முதல் சில வாரம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். மனம் அமைதியில்லாமல் தவித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, கூடினாலோ, அடுத்த ரிவியூ தேதி வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. தூக்க மாத்திரை, படபடப்பு மாத்திரை சிலது வேறு வகை, அவை பழக்கமாகக் கூடும், அதனால் எது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்.

உனக்கு 18 முடிந்துவிட்டது, உன் சிகிச்சை உன் முடிவு. அதைப் பற்றிய விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 23-வது பிரிவு டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடிவாளம் போட்டிருக்கிறது. கல்யாணம் பேசும்போது மறைக்கச் சொல்ல மாட்டேன், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீயே நேரம் பார்த்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்காக இன்றைக்கு வைத்தியம் செய்யாமல் இருப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

ஒரு தடவை தைரியமாகப் போய் கவுன்சிலர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர், போனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலையில் எழுந்து ஓடு' என்று அனுப்பிவிட்டார். இனி எவரிடமும் போகமாட்டேன்.
— கோபாலபுரம்

தம்பி, உன் கோபம் முழுக்க நியாயம். உனக்கு நடந்தது சிகிச்சையே இல்லை. அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் முதல் தடவை வாயைத் திறக்க ஒரு பிள்ளை எத்தனை மாதம் தன்னோடு போராடியிருக்கும் என்று தெரியும்.

ஆனால் உன் முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் சொல்கிற ஆள் சரியான ஆளாக இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டாவது ஆளும் சரியில்லாமல் போகலாம். கேட்கிற ஒருவர் கிடைக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இரு, நான் இந்தப் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சொல்லி வருவது இது ஒன்றைத்தான்.

அடுத்த ஆளைத் தேடும்போது கொஞ்சம் விசாரித்துப் போ. போர்டில் கவுன்சிலர் என்று போட்டிருப்பதால் மட்டும் அவர் என்ன படித்தார் என்று தெரிந்துவிடாது. மனநல டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டால் தவறாக நினைக்க மாட்டார். நல்லவர் என்றால் முதல் நாளில் அவர் பேசுவதை விட நீ பேசுவதுதான் அதிகமாக இருக்கும். தூக்கம், பசி, குடும்பம், பழக்கங்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது வரைக்கும் நேராகக் கேட்பார். நீ சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவரே முதலில் சொல்லிவிடுவார். உன் கஷ்டத்தை இன்னொருவர் கஷ்டத்தோடு எடை போட மாட்டார்.

நேரில் போக இன்னும் மனசு வரவில்லை என்றால் போனிலிருந்து ஆரம்பி. 14416 தவிர, கேரளத்தில் 'திசா' எண் 1056 இருக்கிறது, தமிழ்நாட்டில் 104 இருக்கிறது, சென்னையில் 1986-லிருந்து நடக்கிற சினேகா அமைப்பின் எண் 044-24640050. ஓடச் சொன்னாரே, உடற்பயிற்சி மனச்சோர்வுக்கு நல்லதுதான், நிரூபணமான விஷயம்தான். ஆனால் படுக்கையை விட்டு எழவே முடியாதவனைக் காது கொடுத்துக் கேட்காமல் ஓடச் சொன்னால் அவன் மேலும் சுருண்டுதான் படுப்பான். உன்னால் முடிகிற நாளில் பத்து நிமிஷம் தென்னந்தோப்பு வரைக்கும் நட, முடியாத நாளில் விடு.

நான் கெஸ்ட் லெக்சரர், டாக்டர் இல்லை. முன்பெல்லாம் கலகலவென்று இருந்த ஒரு பையன் இப்போது கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறான், அட்டென்டன்ஸும் குறைகிறது. நான் கேட்கலாமா? தப்பாகிவிடுமா?
— பொள்ளாச்சி

கேளுங்கள் சார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் மாறிப்போனதை வகுப்பில் இருக்கிற நீங்கள் கவனித்ததே பெரிய காரியம்.

எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், ஸ்டாஃப் ரூமுக்கும் கூப்பிடாதீர்கள், அங்கே நாலு காது இருக்கும். வகுப்பு முடிந்து வராந்தாவில் கூட நடந்துகொண்டே, 'ஒரு மாசமா நீ முன்ன மாதிரி இல்லையேப்பா, என்னாச்சு, நல்லாத் தூங்கறயா?' என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை சார் என்பான். சரி என்று விட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்கிறவரிடம்தான் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள். சொன்னால் தீர்வு கொடுக்க அவசரப்படாதீர்கள். டாக்டரிடம் போகச் சம்மதித்தால் முதல் தடவை கூடப் போக முடியுமா என்று பாருங்கள், ஓ.பி. சீட்டு வரிசையில் தனியாக நிற்கிறபோதுதான் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். கஞ்சா, மது என்று ஏதாவது கலந்திருந்தால் மிரட்ட வேண்டாம், போதைக்கென்று 14446 என்ற தேசிய உதவி எண் தனியாக இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

அட்டென்டன்ஸ் விஷயத்தில் நீங்கள் உடனடியாக உதவ முடியும். 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும் மருத்துவச் சான்றிதழ் காட்டிக் கட்டணம் கட்டினால் 65 வரைக்கும் பல பல்கலைக்கழகங்களில் விலக்கு உண்டு, அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. மனநல டாக்டர் தரும் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழ்தான். தேதி தாண்டிய பிறகு தெரிந்து ஒரு வருஷத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் இந்த வாரமே ஆபீசில் விசாரித்துவிடுங்கள். ஹெச்.ஓ.டி.யிடம் பேசும்போது உடம்பு சரியில்லை, சான்றிதழ் வரும் என்று சொன்னால் போதும், மற்றதைச் சொல்வதா வேண்டாமா என்று அந்தப் பையனையே கேட்டுக்கொள்ளுங்கள்.